மே மாதத்தில் மட்டும் இருந்த வழி

மே மாதம் பிறந்தால் எங்கள் ஆபீஸ் வாசலில் புது ஷூக்கள் வந்து சேரும். கீழே சமவெளிக் கடைகளில் வாங்கிய, அடிப்பாகம் வழுவழுவென்று இருக்கும் ஷூக்கள். தேயிலைச் சரிவில் காலை வைத்ததும் ஆளை உட்கார வைத்துவிடும். அவற்றைப் பார்த்தாலே எதிர் டீக்கடைக்காரர் என்னிடம், "ஏனுங்க பழனிச்சாமி, சட்டக் காலேஜுப் புள்ளைங்க வந்தாச்சாட்ட இருக்குதுங்க" என்பார். கல்லூரிக்கு விடுமுறை, சிவில் கோர்ட்டுக்கும் விடுமுறை. எங்கள் வக்கீலம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கும் ஒரே மாதம் அது.

தேயிலை மலையில் இருக்கும் கூடலூரில் நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் ஒரு சட்டக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. இப்போதெல்லாம் மாணவர்கள் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் இன்டர்ன்ஷிப் செய்கிறார்களாம். வழக்குக் கட்டைத் திரையில் படித்து, மனு எழுதி அனுப்பினால் சான்றிதழும் மின்னஞ்சலில் வந்துவிடுமாம். "நேர்ல போய் இடத்தைப் பாக்கறதைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க" என்றார்கள். பேசினேன். முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "சார், செல்போன் மேப்லயே எல்லாப் பாதையும் தெரியுது. அப்புறம் எதுக்கு நேர்ல போகணும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அது. ஏனென்றால் நேரில் போய், அந்தப் பாதையிலேயே நடந்து, அப்படியும் அதைப் பார்க்காமல் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு அன்றைக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கதை சின்னது. அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்து கூடலூரில் மளிகைக் கடை வைத்தவர். எனக்குப் புளியும் மிளகாயும் ஒத்துவரவில்லை, தும்மல். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்த்துவிட்டார். ஸ்டாம்ப் ஒட்டவும், வாய்தா குறிக்கவும், எந்த பெஞ்ச் கிளார்க்கிடம் எப்போது பேசலாம் எப்போது பேசக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். பிறகு அங்கே ஜூனியராக இருந்த வக்கீலம்மா, மரகதம் மேடம், தனியாக ஆபீஸ் போட்டபோது அவரோடு வந்துவிட்டேன். கடைசிவரை அங்கேதான்.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். இலவச சட்ட உதவி வழக்குகளை யாரும் தொடாத காலத்திலும் எடுத்து நடத்தியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மாணவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்தவும் மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, டீயில் வர்க்கி ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அந்த "அப்புறம்?" வந்துவிட்டால் எதையோ கோட்டை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். எதை என்று அவர்களேதான் தேட வேண்டும். வந்து சேர்ந்த மூன்றாம் நாளே பிள்ளைகள் வர்க்கியைப் பார்த்ததும் நோட்டைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

அவரிடம் சில முறைகள் இருந்தன. கட்சிக்காரர் முதல்முறை பேசும்போது மாணவர் கையில் பேனா இருக்கக் கூடாது. கேட்டு முடித்தபின் அவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும், சரி என்று அவர் சொன்ன பிறகுதான் எழுதலாம். இடம் பார்க்கப் போனால் துணைக்கு நான் போவேன். ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. "அவங்க பாக்கோணுமுங்க பழனிச்சாமி. நீங்க காட்டுனா அது நீங்க பாத்தது" என்பார். எனக்கோ பேசாமல் இருந்தால் சோறு இறங்காது. எத்தனையோ தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது எதிராளி நாற்காலி. ஜன்னல் ஓரத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. வழக்கு எழுதுவதற்கு முன்னால் மாணவர் அதில் உட்கார்ந்து, நம்முடைய கட்சிக்காரருக்கு எதிராகப் பேச வேண்டும். எதிராளியின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டு, "நான்" என்றே பேச வேண்டும். அரைமனதாகப் பேசினால் ஏற்க மாட்டார். "அந்த மனுசன் இவ்வளவு முட்டாளாம்மா?" என்பார். நன்றாகப் பேசத் தெரிந்த பிறகுதான் நம் பக்கத்து மனுவில் கைவைக்கலாம்.

ஒரு வருடம் முனீஸ்வரி என்று ஒரு பெண் வந்தாள். கமுதிப் பக்கம். ஒல்லியாக, யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஷூகூட வாங்கவில்லை, ரப்பர் செருப்பு. ஆனால் வழுக்கி விழாத ஒரே ஆள் அவள்தான். எதைப் பார்த்தாலும் கேள்வி. தேயிலைக்குள் ஏன் இந்த மரம், காட்டெருமை ஏன் ரோட்டில் நிற்கிறது, இங்கே ஏன் வீட்டுக் கூரையை இவ்வளவு சரிவாகப் போடுகிறார்கள் என்று என் உயிரை எடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவளுக்குக் கொடுத்த வழக்கு முத்தம்மாவுடையது. முத்தம்மா சிலோனிலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்தவர். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்று, வந்த பணத்தில் தேவர்சோலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் தேயிலை நிலம் வாங்கியிருந்தார். ஒரு ஏக்கர்கூட இருக்காது. வீட்டுக்காரர் போய்விட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன், "வித்துட்டு இங்க வந்துரும்மா" என்று வாராவாரம் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவருக்கு மனசில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவன் செடியில் பறித்தவருக்கு அதுதான் முதல் சொந்தச் செடி.

நிலத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இன்னொரு நிலம். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே ஆளுடையது. அவர்தான் பிரித்து விற்றார். முத்தம்மா அந்த நடு நிலத்தின் ஓரமாக நடந்துதான் கொழுந்து மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே ஃபேக்டரிக்குக் கொழுந்து ஏற்றும் இலை வண்டி வரும். வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. அன்றைக்குப் பறித்த கொழுந்து அன்றைக்கே போகாவிட்டால் மூட்டைக்குள்ளேயே வெந்து சிவந்துவிடும், எந்த ஃபேக்டரியும் எடுக்காது.

நடு நிலத்தை அந்த வருடம்தான் தை மாதத்தில் பேபி என்பவர் வாங்கினார். பேபி என்றதும் மாணவர்கள் எல்லாரும் ஏதோ சின்னப் பையன் என்று நினைத்தார்கள். அறுபதைத் தாண்டிய மனுஷன், வயநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். நேந்திரன் வாழை வைத்தார். வாழைக்கு யானை வந்தது. சுற்றிலும் சோலார் மின்வேலி போட்டார். வழி அடைபட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு இடைவெளி விட்டால் யானை அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். அதோடு அவர் சொன்னதிலும் நியாயம் தெரிந்தது: "தாழெ வேறெ வழி உண்டல்லோ? அந்த வழிக்குத்தானே அவங்க இப்பவும் போறாங்க?"

உண்மைதான். வேலி போட்ட நாளிலிருந்து முத்தம்மா கீழ்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். சட்டத்தில் இங்கேதான் சிக்கல். என் நிலத்துக்குப் போக வேறு வழியே இல்லை என்றால்தான் அடுத்தவர் நிலத்தில் வழி கேட்கலாம். சுற்று வழி ஒன்று இருந்தாலும் வழக்கு படுத்துவிடும். வழக்கு படுத்தால் முத்தம்மாவின் நிலத்தை வாங்க ஒரே ஆள்தான் இருப்பார், பேபி. அவரும் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.

ஆபீஸில் முத்தம்மா தன் கதையைச் சொன்னார். முனீஸ்வரி பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள், பிறகு திருப்பிச் சொன்னாள். முத்தம்மா தலையாட்டிவிட்டு, எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னார்: "எப்பிடியாச்சும் மழைக்கு முன்னுக்கு முடிச்சுக் குடுத்துருங்க புள்ள." முனீஸ்வரி, "சரிக்கா, சீக்கிரம் முடிச்சிருவோம்" என்றாள். மேடம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் இடம் பார்க்கப் போனோம். மேலே வேலியைப் பார்த்துவிட்டுக் கீழ் வழியில் இறங்கினோம். அகலமான வழி. காலுக்கு மெத்தென்று மணல். இரண்டு பக்கமும் மரங்கள், நல்ல நிழல். முனீஸ்வரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தாள். இங்கே வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "அண்ணே, எங்க ஊருக்குப் போன மாதிரியே இருக்குண்ணே" என்றாள். மேல்வழியைவிட இதுதான் சுலபம் என்று எழுதிக்கொள்ளவும் செய்தாள். நான் எதுவும் பேசவில்லை. மேடத்தின் உத்தரவு.

இரண்டு நாள் கழித்து எதிராளி நாற்காலி. முத்தம்மாவை மத்தியானம் வரச் சொல்லியிருந்தோம். முனீஸ்வரி காலையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் பேபி. என் வாழையை யானை தின்னுச்சு. வேலி போட்டேன். அந்த அம்மாவுக்கு நான் கெடுதல் பண்ணல. அவங்களுக்குக் கீழ ஒரு வழி இருக்கு. இருக்கறதுலயே நல்ல வழி. ரெண்டு மாசமா அதுலதான் போறாங்க. ஒரு நாளாவது இலை வண்டி தவறிப் போச்சா? அவங்களையே கேளுங்க. வழியில்லன்னு சொல்றது பொய். சுத்திப் போகக் கஷ்டமா இருக்குன்னு சொன்னா அது உண்மை. ஆனா கஷ்டத்துக்குச் சட்டம் வழி குடுக்காது."

அசந்துபோய்விட்டேன். எத்தனையோ வருடத்தில் அந்த நாற்காலியில் அவ்வளவு சுத்தமாகப் பேசியவர்கள் இல்லை. மேடம், "அப்புறம்?" என்றார்.

"அப்புறம்… அந்த வழியைக் கோர்ட்டே வந்து பாக்கட்டும். நல்ல அகலம். பூரா மணல். முள்ளு இல்ல. நடுவுல செடி ஒண்ணுகூட முளைக்கல…"

"அப்புறம்?"

"ரெண்டு பக்கமும் மரத்து வேரெல்லாம் வெளிய தெரியுது. மண்ணை அரிச்சு…" அவள் நிறுத்தினாள். "கல்லெல்லாம் உருண்டையா இருந்துச்சு. ஒரு கிளையில, என் தலைக்கு மேல, பிளாஸ்டிக் பையும் சருகும் சுத்திக் கெடந்துச்சு. அங்க யாரு கொண்டுபோய்ச் சுத்துனா?" அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "மேடம், அது வழி இல்ல. ஆறு."

மேடம் கண்ணைத் திறந்தார்.

"எங்க ஊர்ல ஆத்துக்குள்ளதான் நடப்போம் மேடம். ஆத்துக்குள்ளதான் வண்டி போகும், கபடி ஆடுவோம். தண்ணி வந்து நான் பாத்ததே ரொம்பக் கம்மி. மணல் இருந்தா அது பாதைன்னுதான் எனக்கு. மழைக்கு முன்னன்னு அந்தக்கா சொன்னாங்களே!"

எனக்குக் கை தட்டத் தோன்றியது. அப்போதுதான் டீக்கடைக்காரர் உள்ளே வந்து, "ஏனுங்க, அந்த முத்தம்மா அழுதுட்டே போகுதுங்களே, என்னங்க ஆச்சு?" என்றார்.

மத்தியான பஸ்ஸுக்கு வர வேண்டியவர் முந்தின பஸ்ஸிலேயே வந்து, உள்ளே யாரோ பேசுகிறார்கள் என்று ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "வழியில்லன்னு சொல்றது பொய்" என்பதைக் கேட்டிருக்கிறார். மிச்சத்துக்கு இருக்கவில்லை. டீக்கடையில், "எனக்காகப் பேசறவங்களே இப்பிடிச் சொல்றாங்க, பொறகு என்னா இருக்கு? நெலத்த பேபிக்கே குடுத்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மேடம் உடனே ஜீப்பைக் கூப்பிடச் சொன்னார். மூன்று பேரும் ஏறினோம். ஜீப் கடைவீதியைத் தாண்டியது. பிறகு முனீஸ்வரி கேட்டாள்.

"அது ஆறுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"அண்ணனுக்கு?"

நான் தலையாட்டினேன். கூடலூரில் மழையைப் பார்த்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

"நீயாக் கண்டுபுடிக்கோணும்னுதாம்மா விட்டேன்" என்றார் மேடம். "நான் சொல்லியிருந்தா இந்த ஒரு வழக்குல ஜெயிச்சிருப்பே. நீயாக் கண்டதால இனி எங்க போனாலும் பாப்பே."

"சரி மேடம். ஆனா நான் கண்டுபிடிக்கற வரைக்கும் அந்தக்கா நிலம் ஏன் காத்திருக்கணும்? நான் படிக்கறதுக்கு அவங்க எதுக்கு அழணும்?"

இன்டர்ன்ஷிப் வந்த பெண் மேடத்திடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தேவர்சோலை தாண்டியபோது, "நீ கேக்கறது சரி" என்றார். அதற்கப்புறம் கட்சிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், இது இன்னதற்காக என்று அவரிடம் சொல்லாமல், யாரையும் அந்த நாற்காலியில் அவர் உட்கார வைத்ததே இல்லை.

முத்தம்மா பேபி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பேபியின் மனைவி கொடுத்த கட்டன் சாயா ஆறிப்போய்ப் பக்கத்தில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லு குடுத்துட்டேன் அம்மா" என்றார் மேடத்திடம். பிறகு முனீஸ்வரியைப் பார்த்து, "நீ பேசுனதக் கேட்டேன் புள்ள. நல்லாத்தான் பேசுன. எனக்கே நான் பொய் சொல்றனோன்னு இருந்திச்சு" என்றார்.

அது பயிற்சிதான் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தப்பாப் பேசிட்டேன்க்கா. ஆத்தைப் பாதைன்னு சொல்லிட்டேன்" என்றாள். பேபி பக்கம் திரும்பி, "நீங்க ஒரு தடவை எங்ககூடக் கீழ வாங்கய்யா" என்றாள்.

பேபி வந்தார். அவள் வேர்களைக் காட்டினாள். கிளையில் சுற்றிய பையைக் காட்டினாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேபி, "இத்தற உயரத்திலோ?" என்றார். அவர் சொன்னது நடிப்பில்லை. "ஞான் தை மாசமல்லே வாங்கிச்சது மோளே. இவிடத்தெ மழை ஞான் கண்டிட்டில்ல" என்றார். முத்தம்மாவுக்கு அப்போதுதான் ஆச்சரியம். "இது ஆறுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே, இத வேற வாயத் தொறந்து சொல்லணுமா?"

பேபி கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கானவர். பார்த்தால்தான் நம்புவேன் என்றார். மழை வரட்டும், இந்த இடத்தில் தண்ணீர் ஆளை நிற்க விடாமல் ஓடினால் வேலியில் கேட் வைக்கிறேன், முத்தம்மா கொடுத்த சொல்லையும் திருப்பிக் கொடுக்கிறேன். ஓடாவிட்டால் நிலத்தை எனக்கே விற்க வேண்டும் என்றார். முத்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றார். கேட் வைத்தால் ஒவ்வொரு தடவையும் தானே பூட்டுவதாகவும் சொன்னார். யானை என்றால் என்ன என்று தனக்கும் தெரியும் என்றார். மேடம் தன் பங்குக்கு மனுவைத் தயாராக வைத்திருந்தார், கோர்ட் திறந்த அன்றே போட.

முனீஸ்வரிக்கு மே மாதத்தோடு இன்டர்ன்ஷிப் முடிந்தது. ஊருக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் என் மனைவியோடு தங்கிக்கொண்டாள். தினமும் காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள். "அண்ணே, இந்த வருஷம் மழை பெய்யாமப் போயிட்டா?" என்று கேட்பாள். பெய்யாமல் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஊரில் அப்படி இல்லையே. மழையை நம்பி ஒரு சொத்தைப் பந்தயம் வைத்தது அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் பயந்ததைப் பார்த்து எனக்கும் பயம் வந்துவிட்டது. ஜூன் பிறந்து ஒரு வாரம் வெயில் அடித்தபோது நான் கோயிலுக்கே போய்வந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு பிடித்தது. எங்கள் மழை எப்படி என்று கூடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் மத்தியானம் மேடம், நான், முனீஸ்வரி மூவரும் குடையோடு போனோம். பேபி முன்னாலேயே வந்து கரையில் நின்றிருந்தார். முத்தம்மா மேட்டில், தலையில் மழைக்குக் கொங்காடிச் சாக்கைப் போட்டுக்கொண்டு, காலையில் பறித்த கொழுந்து மூட்டையோடு நின்றார்.

நாங்கள் மே மாதத்தில் நடந்த வழி அங்கே இல்லை. கரைக்குக் கரை செந்நிறத் தண்ணீர். ஒரு வாழை மரம் வேரோடு உருண்டு போனது. முனீஸ்வரி வழக்கை மறந்துவிட்டாள். குடையைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, இம்புட்டுத் தண்ணியா! இம்புட்டுத் தண்ணியா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணீரா மழையா என்று தெரியவில்லை. அவளைப் பார்த்து முத்தம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பேபி நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே ஏறிப்போய் வேலியின் ஸ்விட்சை அணைத்தார். கேட் வைக்க ஆள் வர நாளாகும். அதனால் இரண்டு கம்பிகளைத் தன் கையாலேயே அவிழ்த்துப் பக்கத்துக் கம்பத்தில் சுற்றினார். "போய்க்கோளு சேச்சி, வண்டி வரும்" என்றார்.

முத்தம்மா மூட்டையைத் தூக்கப் போனார். நனைந்த மூட்டை, கனம். முனீஸ்வரியைப் பார்த்து, "இப்ப நீ எந்தப் பக்கம் பேசுற புள்ள?" என்றார், சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"பேசலக்கா" என்றாள் அவள். குனிந்து மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் அவிழ்த்த கம்பிகளுக்கு நடுவில் நுழைந்து ரோட்டை நோக்கிப் போனார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் இலை வண்டியின் ஹாரன் கேட்டது, அவர்கள் ஓடத் தொடங்கினார்கள்.